முதலில் எதை மாற்றுவது?

விரைவை விரும்பாத இளைஞர் இல்லை. சைக்கிளில் கல்லூரிக்கு வரும்போதே முன்னால் போகிறவனை முந்தத் துடிக்கும் கால்கள் நம்முடையவை. அப்படிப்பட்டவர் கையில் ஒரு கார் கிடைத்துவிட்டால், 'இதற்கு இன்னும் கொஞ்சம் வேகம் ஏற்ற முடியாதா?' என்ற கேள்வி தானே பிறக்கும். முடியும் என்பதுதான் விடை. ஆனால் கையிலுள்ள பணம் அளவானது. மாற்ற வேண்டிய உறுப்புகளோ பல. எதை முதலில் மாற்றுவது, எதைப் பிறகு மாற்றுவது என்ற வரிசையை வகுப்பதில்தான் அறிவுக்கு வேலை இருக்கிறது. இயற்பியல் மாணவன் என்ற முறையில் அவ்வரிசையைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

நம் நாட்டு மஸில் கார்

நடுத்தர அளவுள்ள காரில் மிகப் பெரிய எஞ்சினைப் பொருத்தி விற்பதை 1960களில் அமெரிக்கர்கள் வழக்கமாக்கினார்கள். 1964இல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ. அவற்றுள் புகழ் பெற்றது. அதன் எட்டு சிலிண்டர் எஞ்சின் 389 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 6.4 லிட்டர். இத்தகைய கார்களுக்கு 'மஸில் கார்' என்ற பெயர் நிலைத்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடி அந்த மோகத்தைத் தணித்தது.

நம் நாட்டில் அந்தப் பெயரைப் பெற்றது காண்டெசா. பிரிட்டனின் வாக்ஸால் விக்டர் காரின் வடிவத்தைத் தழுவி, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1984இல் இதை வெளியிட்டது. நீண்ட மூக்கும் அகன்ற தோளுமாக உருவம் கம்பீரமானது. உள்ளே இருந்ததோ 1489 கன சென்டிமீட்டர் கொண்ட அம்பாசடர் எஞ்சின். அதன் ஆற்றல் ஏறத்தாழ 50 குதிரைத் திறன்தான். யானைக்கு ஆட்டின் நெஞ்சு வைத்தது போல என்று சொல்லலாம். பின்னர் 1817 கன சென்டிமீட்டர் இசுசு எஞ்சின் வந்த பிறகுதான் வண்டி தன் உருவத்துக்கு ஏற்ப ஓடிற்று. 2002இல் உற்பத்தி நின்றது. ஆயினும் விரும்பிப் பாதுகாப்பவர் இன்றும் உண்டு.

அவர்களுள் ஒருவர் என் பெரியப்பா. கடந்த சம்பா நெல் விற்ற பணத்தில் ஒரு தொகையை இசுசு எஞ்சின் கொண்ட தம் காண்டெசாவுக்கென ஒதுக்கினார். அவர் மகன், என் அண்ணன், உடனே ஒரு பட்டியல் எழுதினார்: பெரிய கார்புரேட்டர், முழங்கும் சைலன்சர், அகலமான சக்கரங்கள். பெரியப்பா பட்டியலைப் படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "இந்த வண்டியில யார் போகப் போறா?"

அந்த வண்டியில்தான் மாதம் இருமுறை எங்கள் அப்பாயி தஞ்சாவூருக்கு மருத்துவம் பார்க்கப் போகிறார். வழி நெடுக வெண்ணாற்றின் கரை. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் ஆளுயரம் தாழ்ந்த வயல். அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும். மீதியில் டிராக்டர் வரும். எனவே எங்கள் வீட்டு விவாதம் வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை.

முதற்படி: நிற்கும் ஆற்றல்

ஓடும் பொருளின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று படித்திருக்கிறோம். 60 கிலோமீட்டர் வேகத்தை 90 ஆக்கினால் வேகம் ஒன்றரை மடங்கு. பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றலோ இரண்டேகால் மடங்கு. ஓட்டுநர் விழித்துக்கொள்ள ஒரு வினாடி ஆகிறது என்றும், பிரேக் வினாடிக்கு வினாடி 6 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கிறது என்றும் வைத்துக் கணக்கிட்டேன். 60இல் போகும் வண்டி நிற்க ஏறத்தாழ 40 மீட்டர் வேண்டும். 90இல் போனால் 77 மீட்டர். சாலையில் ஈர வைக்கோல் கிடந்து உராய்வு பாதியானால் 60க்கே 63 மீட்டர் ஆகிவிடும்.

ஆகவே முதற் பணம் பிரேக்குக்கும் டயருக்கும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும். கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சு போல உள்ளே போய்விடும். எனவே எண்ணெயையும் பழைய ரப்பர் குழாய்களையும் மாற்ற வேண்டும். டயரின் பக்கச் சுவரில் அது செய்யப்பட்ட வாரமும் ஆண்டும் நான்கு இலக்கங்களில் இருக்கும். பட்டன் தேயாமல் இருந்தாலும் வயதான ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கும். வண்டி முழுவதையும் தரையோடு பிணைப்பவை உள்ளங்கை அளவான நான்கு இடங்களே. அடுத்து ஷாக் அப்சார்பரும் ஸ்டியரிங் மூட்டுகளும். சக்கரம் தரையை விட்டுத் துள்ளினால் நல்ல டயரும் பயன்படாது.

பட்டறைக்காரர் இதையே ஒரு வரியில் முடித்தார்: "எஞ்சின் கெட்டா வண்டி நின்னுடும் தம்பி, பிரேக் கெட்டா வண்டி நிக்காது."

இரண்டாம் படி: தாங்கும் ஆற்றல்

பெட்ரோல் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குகூடச் சக்கரத்தைச் சேர்வதில்லை. பெரும்பகுதி புகையோடும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேறுகிறது. ஆற்றலைக் கூட்டினால் கழிவு வெப்பமும் கூடும். நம் பகுதியில் அறுவடையின்போது பதரும் வைக்கோல் தூசும் ரேடியேட்டரின் கண்களை அடைத்துவிடுகின்றன. அதைத் தூய்மை செய்து, நீர்ப் பம்பையும் குழாய்களையும் சரிபார்த்த பிறகே எஞ்சினைத் தொட வேண்டும். இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருப்பதால், பழைய ரப்பர் எரிபொருள் குழாய்களையும் அதைத் தாங்கும் வகையானவையாக மாற்றுவது நலம். கசிந்த பெட்ரோல் சூடான எஞ்சின்மேல் சொட்டினால் என்னாகும் என்று விளக்க வேண்டியதில்லை.

மூன்றாம் படி: ஓடும் ஆற்றல்

இனி அண்ணனின் பட்டியலுக்கு வருவோம். எஞ்சின் என்பது காற்றை உள்ளிழுத்து வெளியே தள்ளும் பம்பு. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய, எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று கூடாமல் பெட்ரோலை மட்டும் கூட்டினால் கரும்புகைதான் மிஞ்சும்.

இதை நம் வயலை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். தலைமதகை அகலமாக்கிவிட்டு, வாய்க்காலைத் தூர் வாராமல், வடிகாலையும் அடைத்து வைத்தால் என்ன பயன்? கடைமடைக்கு நீர் போகாது; நடுவயலில் பயிர் அழுகும். பெரிய கார்புரேட்டர் தலைமதகு, வால்வுகள் வாய்க்கால், புகைக்குழாய் வடிகால். மூன்றும் ஒன்றுக்கொன்று இசைந்தால்தான் ஆற்றல் கூடும். எனவே முதலில் பற்றவைப்பைச் சீர் செய்து, பிளாட்டினம் பாயிண்ட் இருந்தால் மின்னணு முறைக்கு மாற்றலாம். அதன்பின் காற்று வழியையும் புகை வழியையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கேம் ஷாஃப்ட், அழுத்த விகிதம் முதலியவை எல்லாவற்றுக்கும் கடைசி. அழுத்தத்தை மிகையாக்கினால் பெட்ரோல் காலம் தவறி வெடித்துப் பிஸ்டனையே உடைக்கும்.

செலவில்லாத வழி ஒன்றும் உண்டு. அது எடையைக் குறைப்பது. கோவையைச் சேர்ந்த கரிவரதன் அமைத்து, 1988இல் அறிமுகமான பார்முலா மாருதிப் பந்தயக் காரில் இருந்தது மாருதி 800இன் சிறு எஞ்சின்தான். கூடு இலேசாக இருந்ததால் அது பறந்தது. 2005இல் பார்முலா ஒன் பந்தயத்தில் நுழைந்த முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியது அவ்வகைக் காரையே. நம் காரின் டிக்கியில் சும்மா கிடக்கும் இரும்புச் சாமான்களை இறக்கினாலும் ஓரளவு பயன் உண்டு.

சட்டமும் நினைவிலிருக்க வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியின் அமைப்பைத் திருத்துவதைத் தடுக்கிறது. எஞ்சினையே மாற்றுவதானால் முன் அனுமதி வேண்டும்.

எங்கள் வீட்டு முடிவு

பெரியப்பா ஒதுக்கிய தொகை பிரேக், டயர், ஷாக் அப்சார்பர், ரேடியேட்டர் ஆகியவற்றோடு தீர்ந்தது. அண்ணனுக்கு முதலில் முகம் வாடியது உண்மை. ஆனால் வேலை முடிந்து திருவையாறு வரை ஓட்டிப் பார்த்தவர், "வளைவுல வண்டி கையில நிக்குதுடா" என்றார். அவருடைய கார்புரேட்டர் அடுத்த சம்பாவுக்குக் காத்திருக்கிறது, பட்டியலிலிருந்து நீக்கப்படவில்லை.

நண்பர்களே, வேகம் குற்றமன்று. நிற்கத் தெரிந்த வண்டிக்கும், தாங்கத் தெரிந்த எஞ்சினுக்கும் பிறகே அது வர வேண்டும். உங்கள் வீட்டில் இருப்பது காண்டெசாவாக இல்லாமல் பழைய புல்லட்டாகவோ மொபெட்டாகவோ இருந்தாலும் வரிசை இதுவே.