அறுபத்தைந்தாம் வயதும் அமெரிக்க அரசின் வைத்தியக் காப்புறுதியும்

யூபிலி மலர்களிலே கல்லூரியின் தோற்றமும் வளர்ச்சியும், அதன்பொருட்டு உழைத்த பெரியார்தம் பெருமையும் பேசப்படுதல் மரபு. அம்மரபினின்றும் சற்றே விலகி, பழைய மாணவர் பலரை இன்று நேரே எதிர்நோக்கி நிற்கும் உலகியற் பொருளொன்றனை ஈண்டு எடுத்துக்கொண்டோம். 1983 ஆம் ஆண்டிலே இருபத்துமூன்று வயதினராய்த் தாய்நாட்டை விட்டு நீங்கிய ஒருவர் 2025 ஆம் ஆண்டிலே அறுபத்தைந்து வயதினை எய்தினார். கடல்கடந்து சென்ற அத்தலைமுறையினர் இப்பொழுது இளைப்பாறும் பருவத்தினராயினர். அவருள் ஐக்கிய அமெரிக்க நாட்டில் வாழ்பவர், தம் அறுபத்தைந்தாம் பிறந்தநாளை அண்டிச் செய்துகொள்ள வேண்டிய கருமம் ஒன்றுண்டு. அது மெடிக்கெயர் எனப்படும் அரசாங்க வைத்தியக் காப்புறுதியிற் பதிவுசெய்துகொள்ளுதலாகும். உரிய காலத்தில் அதனைச் செய்யத் தவறின் நேரும் இழப்பு, ஆயுள் உள்ளளவும் தொடரக்கூடியது.

எம்மவர் இதிலே தவறுதற்குக் காரணமும் உண்டு. இலங்கையில் அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லும் ஒருவரை, நீர் காப்புறுதியிற் பதிந்தவரோ என்று எவரும் வினவுவதில்லை. பிரித்தானியாவில் 1948 யூலை 5 ஆம் நாள் தொடங்கிய தேசிய சுகாதார சேவையும் வயதெல்லை வகுத்து ஆட்களைச் சேர்ப்பதன்று. கனடாவிலே மாகாண அரசு வழங்கும் சுகாதார அட்டை, இளைஞர்க்கும் முதியோர்க்கும் பொதுவானது. ஆகவே இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் உறவினர்க்கு இத்தகைய எச்சரிக்கை தேவைப்படவில்லை. அமெரிக்காவின் ஏற்பாடோ முற்றிலும் வேறானது.

அந்நாட்டுச் சனாதிபதி ஹரி ட்ரூமன், மக்கள் அனைவர்க்கும் உரிய தேசிய வைத்தியக் காப்புறுதி வேண்டுமென 1945 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திற் காங்கிரசுச் சபையை வேண்டினார். வைத்தியர் சங்கத்தின் கடும் எதிர்ப்பினால் அம்முயற்சி கைகூடவில்லை. இருபது ஆண்டுகளின் பின், முதியோர்க்கு மட்டுமேனும் காப்பளிப்போம் என்னும் அளவிலே உடன்பாடு பிறந்தது. 1965 யூலை 30 ஆம் நாள், ட்ரூமனின் ஊராகிய மிசூரி மாநிலத்து இன்டிபென்டன்சு நகரத்திலே, அவர் அருகிருக்கச் சனாதிபதி லிண்டன் ஜோன்சன் அச்சட்டத்திற் கையொப்பமிட்டார். முதலாவது அட்டை ட்ரூமனுக்கே வழங்கப்பட்டது. 1966 யூலை 1 முதல் அக்காப்புறுதி நடைமுறைக்கு வந்தது.

இக்காப்புறுதி பல பகுதிகளை உடையது. 'ஏ' பகுதி, வைத்தியசாலையிலே தங்கிச் சிகிச்சை பெறுவதற்குரியது. சம்பளத்தில் நூற்றுக்கு 1.45 வீதம் தொழிலாளரும், அதே அளவு தொழில் தருநரும் செலுத்தும் வரியினால் இது நடைபெறுகின்றது. நாற்பது காலாண்டு, அஃதாவது ஏறக்குறையப் பத்தாண்டு, இவ்வரியைச் செலுத்தி உழைத்தவர்க்கும் அவர்தம் வாழ்க்கைத் துணைக்கும் 'ஏ' பகுதி மாதக் கட்டுப்பணமின்றிக் கிடைக்கும். இலங்கையில் உழைத்த ஆண்டுகள் இக்கணக்கிற் சேரா. 'பி' பகுதி, வைத்தியர் கட்டணம், பரிசோதனைகள், வெளிநோயாளர் சிகிச்சை முதலியவற்றுக்குரியது. இஃது அவரவர் விரும்பிச் சேர்வது. மாதந்தோறும் கட்டுப்பணம் செலுத்தல் வேண்டும். 2025 ஆம் ஆண்டிலே அது பெரும்பாலோர்க்கு 185 டொலராக இருந்தது. வருமானம் மிக்கோர்க்கு இதனினும் கூடும். அவ்வாண்டில் முதல் 257 டொலர்ச் செலவை நோயாளரே ஏற்றல் வேண்டும். அதற்கு மேற்பட்டதில் நூற்றுக்கு எண்பது வீதத்தை அரசு கொடுக்கும். எஞ்சிய இருபது வீதத்துக்கு மேலெல்லை எதுவும் இல்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 2006 ஆம் ஆண்டிலே தொடங்கிய 'டி' பகுதி மருந்துகளுக்குரியது. தனியார் காப்புறுதி நிறுவனங்கள் வாயிலாக நடைபெறுவது. 'சி' பகுதி என்பது, 'ஏ', 'பி' ஆகிய இரண்டன் பயனையும், பெரும்பாலும் மருந்தையும் சேர்த்துத் தனியார் நிறுவனமொன்று வழங்கும் மாற்று ஏற்பாடாகும்.

விரும்பிச் சேரும் ஒன்றிற்குக் காலவரையறையும் தண்டமும் எதற்கு என வினவுவார்க்கு, எம் ஊர்களிலுள்ள மரண சகாய நிதிச் சங்கங்களையே விடையாகக் காட்டுவோம். உடல் நலமாயிருக்கும் காலத்திலே எல்லாரும் சந்தா செலுத்துவதனாலேதான், துன்பம் நேர்ந்த வீட்டிற்குச் சங்கம் கைகொடுக்கின்றது. வீட்டிலொருவர் பாயிலே படுத்தபின்னரே சேர்வோம் என ஒவ்வொருவரும் இருப்பாராயின், அச்சங்கம் ஓராண்டும் நிலைத்து நில்லாது. 'பி' பகுதியும் இத்தகையதே. நோய் வரும்வரை காத்திருந்து சேர்வாரைத் தடுத்தற்பொருட்டே காலமும் தண்டமும் விதிக்கப்பட்டன.

அக்காலம் ஏழு மாதம் கொண்டது. அறுபத்தைந்தாம் பிறந்தநாள் வரும் மாதமும், அதற்கு முன் மூன்று மாதமும், பின் மூன்று மாதமும் சேர்ந்து ஏழாகும். செப்டெம்பர் 15 ஆம் நாள் பிறந்தவர்க்கு இக்காலம் யூன் முதல் டிசெம்பர் வரையுள்ளது. அவர் யூன், யூலை, ஓகஸ்ட் என்னும் மாதங்களுள் ஒன்றிற் பதிவாராயின், செப்டெம்பர் முதலாந் திகதியே காப்புத் தொடங்கும். செப்டெம்பரிலோ அதன் பின்னரோ பதிவாராயின், பதிந்த மாதத்துக்கு அடுத்த மாதத்தில் தொடங்கும். மாதத்தின் முதல் நாளிற் பிறந்தவர்க்கு எல்லாம் ஒரு மாதம் முற்படும். பதிவு நடைபெறுவது சமூகப் பாதுகாப்புக் கந்தோரிலே என்பதும் அறியத்தக்கது.

இங்கேதான் பலர் இடறுகின்றனர். அறுபத்தைந்துக்கு நான்கு மாதம் முன்னரேனும் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் பெறத் தொடங்கியவரை அரசு தானாகவே பதிந்து அட்டையை அனுப்பும். ஏனையோர் தாமே விண்ணப்பித்தல் வேண்டும். முன்னாளில் முழு ஓய்வூதிய வயதும் அறுபத்தைந்தாகவே இருந்தமையால் இரண்டும் ஒருங்கே நிகழ்ந்தன. இப்பொழுதோ, 1960 ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் பிறந்தவர்க்கு முழு ஓய்வூதிய வயது அறுபத்தேழு. மெடிக்கெயரின் வயது மட்டும் அறுபத்தைந்தாகவே நிற்கின்றது. ஓய்வூதியத்தை அறுபத்தேழில் எடுப்போம், வைத்தியக் காப்பும் அப்பொழுது உடன்வரும் என்றிருப்பவர், இடைப்பட்ட ஈராண்டிலே உரிய காலத்தை இழக்க நேரும்.

அறுபத்தைந்தின் பின்னும் தொழில் செய்வோர்க்குச் சலுகையொன்றுண்டு. தாமோ தம் வாழ்க்கைத் துணையோ இப்பொழுது பணிபுரியும் நிறுவனத்தின் வாயிலாக வைத்தியக் காப்புறுதி உடையவர், 'பி' பகுதியைத் தண்டமின்றிப் பிற்போடலாம். அத்தொழிலோ அக்காப்புறுதியோ எது முதலில் முடிவுறுகின்றதோ, அதிலிருந்து எட்டு மாதத்துட் பதிதல் வேண்டும். ஆயினும் நிறுவனத்தின் அளவைக் கவனித்தல் அவசியம். இருபது பணியாளரோ மேற்பட்டோரோ உள்ள நிறுவனமாயின், அதன் காப்புறுதியே முதலிற் பணங்கொடுக்கும். இருபதினும் குறைவாயின், முதலிற் கொடுக்கும் பொறுப்பு மெடிக்கெயரைச் சார்ந்தது. சிறு கடைகளிலும் சிறு கந்தோர்களிலும் பணிபுரிவோர் 'பி' பகுதியிற் சேராதிருப்பின், நோயுற்றவிடத்துச் செலவின் பெரும்பகுதி அவர் தலைமேலேயே விழலாம்.

வேலை நீங்கிய பின்னும், பழைய நிறுவனத்தின் காப்புறுதியை முழுப்பணமும் தாமே செலுத்தித் தொடர்வதற்குக் கோப்ரா எனப்படும் சட்டம் அந்நாட்டில் இடமளிக்கின்றது. அது பணியிலிருப்பவரின் காப்புறுதியாகக் கணிக்கப்படுவதில்லை. ஓர் உதாரணம் கூறுவோம். அறுபத்தாறு வயதுடைய ஒருவர் 2024 மார்ச்சு முடிவிலே வேலையினின்றும் நீங்கிக் கோப்ராக் காப்புறுதியைப் பதினெட்டு மாதம் தொடர்ந்தார் எனக் கொள்வோம். அவர்க்குரிய எட்டு மாதம் 2024 நவம்பரோடு கழிந்தது. கோப்ராவோ 2025 செப்டெம்பரில் முடிவுற்றது. அதன்பின் 'பி' பகுதிக்கு விண்ணப்பிக்க, ஆண்டுதோறும் சனவரி 1 முதல் மார்ச்சு 31 வரை திறக்கப்படும் பொதுப் பதிவுக் காலத்துக்காக அவர் காத்திருத்தல் வேண்டும். சனவரியிற் பதிந்தாலும் காப்புத் தொடங்குவது பெப்ரவரியிலே. இடையிலுள்ள நான்கு மாதம் வைத்தியர் கட்டணத்துக்கு யாதொரு காப்பும் இல்லை; பின்னரும் தண்டம் தொடரும்.

தண்டத்தின் அளவையும் கூறுதல் தகும். தாமதித்த ஒவ்வொரு முழுப் பன்னிரண்டு மாதத்துக்கும் 'பி' பகுதிக் கட்டுப்பணத்தோடு நூற்றுக்குப் பத்து வீதம் கூடும். மூன்றாண்டு தாமதித்தவர்க்கு முப்பது வீதம். 2025 ஆம் ஆண்டுக் கட்டணப்படி இது மாதம் 55.50 டொலர், ஆண்டுக்கு 666 டொலர். கட்டுப்பணம் உயருந்தோறும் தண்டமும் உயரும். 'பி' பகுதி உள்ளளவும் அது நீங்காது. மருந்துக்குரிய 'டி' பகுதியிலும், தகுதியான வேறு மருந்துக் காப்புறுதியின்றி அறுபத்துமூன்று நாளோ அதற்கு மேலோ கழிந்தவர்க்கு, மாதமொன்றுக்கு ஒரு வீதமாகத் தண்டம் உண்டு. இனி, சுகாதாரச் சேமிப்புக் கணக்கிற் பணமிடுவோர், மெடிக்கெயரின் எப்பகுதியிற் சேரினும் அதனை நிறுத்துதல் வேண்டும். அறுபத்தைந்து கழிந்தபின் 'ஏ' பகுதியிற் சேர்வோர்க்கு, அது ஆறு மாதம்வரை பின்னோக்கிக் கணிக்கப்படுமாதலால், முன்னரே நிறுத்துதல் நன்று.

'பி' பகுதியில் நோயாளர் ஏற்கும் இருபது வீதத்தை ஈடுசெய்வதற்கு மெடிகாப் எனப்படும் துணைக் காப்புறுதிகள் உள்ளன. அறுபத்தைந்து நிரம்பி, 'பி' பகுதியும் தொடங்கிய மாதத்திலிருந்து ஆறு மாதம்வரை, எந்நோய் உடையவராயினும் அவரை நிறுவனங்கள் மறுத்தல் ஆகாது. அக்காலம் கழிந்தபின், பெரும்பான்மையான மாநிலங்களிலே நோயைக் காரணங்காட்டி மறுக்கவும், கூடிய பணம் கேட்கவும் இடமுண்டு. நீரிழிவும் இருதய நோயும் மலிந்த எம்மவர்க்கு இவ்வாறு மாதமும் பெறுமதி மிக்கன.

பிள்ளைகள் அழைத்துக்கொண்ட பெற்றோரின் நிலை வேறானது. நிரந்தர வதிவுரிமை பெற்று, ஐந்தாண்டு இடையறாது அந்நாட்டில் வசித்த அறுபத்தைந்து வயதினர் மெடிக்கெயரிற் சேரலாம். ஆயினும் அங்கு உழைத்திராமையால் 'ஏ' பகுதிக்கும் அவர் பணம் செலுத்தல் வேண்டும். 2025 ஆம் ஆண்டில் அது மாதம் 518 டொலர். இடையறாத வதிவு கணிக்கப்படுமாதலின், ஊருக்கு வந்து நெடுங்காலம் தங்குவோர் முன்னரே விசாரித்தறிதல் நலம். தஞ்சம் பெற்று வாழ்வோர்க்கும் எச்சரிக்கையொன்றுண்டு. 2025 யூலையில் நிறைவேறிய சட்டம், மெடிக்கெயருக்கு உரியோரின் தொகுதியைச் சுருக்கியது. பத்தாண்டு வரி செலுத்தியவராயினும், குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ பெறாத தஞ்சக்காரர் அதன்படி உரிமை இழப்பர். அத்தகையோர் வதிவுரிமை விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதிருத்தல் வேண்டும்.

இறுதியாக, இளைப்பாறியபின் யாழ்ப்பாணம் திரும்பி வாழ விரும்புவோர்க்கு ஒருவார்த்தை. ஓய்வூதியம் கடல்கடந்து வந்து சேரினும், மெடிக்கெயர் பொதுவாக அமெரிக்க எல்லைக்குள் மட்டுமே செல்லும். இங்கு நோயுற்றால் அது யாதும் கொடாது. சில மெடிகாப் காப்புறுதிகள், பயணத்தின் முதல் அறுபது நாளுள் நேரும் அவசர சிகிச்சைக்கு ஓரளவு உதவும். ஆயுட்காலத்தில் அதன் எல்லை 50,000 டொலர். பயனில்லையெனப் 'பி' பகுதியை விட்டுவிட்டு வருவோர், பெருநோய் வந்து பிள்ளைகளிடம் மீளும்போது, பொதுப் பதிவுக் காலத்துக்குக் காத்திருந்து தண்டத்தோடு சேர நேரும். விடாது வைத்திருப்போர், பயன்படாத காப்புக்கு மாதந்தோறும் பணம் செலுத்துவர். இதற்கு எல்லார்க்கும் பொருந்தும் விடை இல்லை. மீளும் எண்ணம் சிறிதேனும் உண்டோ இல்லையோ என்பதைக் கணவனும் மனைவியும் இருந்து ஆராய்ந்து, அதன் பின்னரே விடுவதோ வைத்திருப்பதோ செய்தல் தகும்.

செயத்தக்கவற்றைத் தொகுத்துக் கூறுவோம். அறுபத்துநான்காம் பிறந்தநாளிலேயே காலண்டரில் அவ்வேழு மாதத்தையும் குறித்துக்கொள்க. தொழில் தருநரிடம், காப்புறுதி பெற்றிருந்தமைக்கும் மருந்துக் காப்புத் தகுதியானது என்பதற்கும் எழுத்திலே சான்று பெற்றுப் பேணுக. ஒக்டோபர் 15 முதல் டிசெம்பர் 7 வரை வரும் விளம்பரங்களைக் கண்டு மயங்கற்க. அக்காலம் முன்னரே சேர்ந்தவர் 'சி', 'டி' பகுதிகளை மாற்றிக்கொள்வதற்குரியது. 'பி' பகுதியிற் புதிதாய்ச் சேர்வதற்குரியதன்று. தரகர் தரகுபெற்று ஆலோசனை கூறுவர். ஒவ்வொரு மாநிலத்திலும் கட்டணமின்றி ஆலோசனை கூறும் அரசு உதவித் திட்டம் உண்டு. முதலில் அதனை நாடுக. கட்டணங்கள் ஆண்டுதோறும் மாறுவனவாதலின், அவ்வவ்வாண்டின் தொகையை அறிந்துகொள்க.

படிவங்களை நிரப்புதற்கு ஆங்கிலமும் கணக்கும் கற்பித்த கல்லூரி இது. ஆயினும் அமெரிக்காவில் வாழும் எம் பழைய மாணவருட் சிலர், துணையை இழந்து தனித்திருப்போர். சிலர், பிள்ளைகளின் வேலைப்பளுவைக் கண்டு வாய்திறந்து கேளாதோர். அங்குள்ள பழைய மாணவர் சங்கக் கிளைகள் தம் அங்கத்தவருள் ஆண்டுதோறும் அறுபத்துநான்கை எய்துவோர் யார் என்று கணக்கெடுத்து, ஒவ்வொருவரோடும் ஒருநாள் இருந்து அப்படிவத்தை நிரப்ப உதவுவாராயின், அஃது ஆண்டு விருந்தினும் பயன்மிக்க தொண்டாகும் என்பது எம் கருத்து.