வலி போய்விட்டது, தோள் ஆறிவிட்டதா?

2011-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். கியூபா நாட்டின் ஹவானா நகரில் இருந்து ஒரு பெண் கடலில் இறங்கினார். அமெரிக்காவின் புளோரிடா கரையை நீந்தியே அடைந்துவிட வேண்டும் என்பது அவரது ஆசை. நடுவே கிடப்பது 100 மைலுக்கும் அதிகமான கடல். அவருக்கு அப்போது வயது 61!

அவர் பெயர் டயானா நையாட். 29 மணி நேரம் நீந்திய பிறகு, அவர் முயற்சியைக் கைவிட நேர்ந்தது. காற்றும் நீரோட்டமும் அவரைப் பாதையை விட்டு இழுத்துச் சென்றன. ஆஸ்துமா மூச்சைத் திணற வைத்தது. இவற்றோடு சேர்ந்துகொண்ட இன்னொரு எதிரி, தோள் வலி.

நீந்துகிறவரின் தோளுக்கு எவ்வளவு வேலை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 50 முறை கை வீசுவதாக வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்துக்கு 3 ஆயிரம். 29 மணி நேரத்துக்கு 87 ஆயிரம்! ஒவ்வொரு தோளும் 43 ஆயிரம் தடவைக்கு மேல் சுழல வேண்டும்.

இன்று நம் ஊர்களிலும் நாற்பது வயதைக் கடந்த பிறகு மாரத்தான் ஓடுகிறவர்கள், சைக்கிளில் நூறு மைல் போகிறவர்கள், கடலில் நீந்துகிறவர்கள் இருக்கிறார்கள். சைக்கிளில் இருந்து விழுந்தோ, நீந்தி நீந்தித் தேய்ந்தோ, அவர்களுக்குத் தோளில் அடி பட்டால் என்ன ஆகும்? "இத்தோடு எல்லாம் முடிந்ததா?" என்ற கேள்வி வலியைவிட அதிகமாக வாட்டும்.

முடிந்துவிடவில்லை. ஆனால், அவசரப்பட்டால் முடிந்துவிடக்கூடும்!

தட்டில் வைத்த பந்து

இடுப்பு மூட்டு, ஆழமான கிண்ணத்துக்குள் வைத்த பந்து போன்றது. எளிதில் நழுவாது. தோள் மூட்டு அப்படி அல்ல. அது ஆழமில்லாத சிறு தட்டில் வைத்த பெரிய பந்து. அதனால்தான் கையை மேலே, கீழே, முன்னே, பின்னே என்று எல்லாப் பக்கமும் சுழற்ற முடிகிறது.

இந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. பந்து தட்டை விட்டு விலகாமல் பிடித்துக்கொள்ள, நான்கு சிறு தசைகள் ஓயாமல் காவல் காக்கின்றன. அந்தத் தசைகளை எலும்போடு கட்டி வைத்திருக்கும் கயிறுகளுக்குத் தசைநாண் என்று பெயர். தோள் வலிக்காரர்கள் பலருக்குக் கோளாறு இந்தக் கயிறுகளில்தான்.

தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. ஆகவே அது மெதுவாகத்தான் ஆறும். வயது ஏற ஏற அதன் உறுதியும் குறைகிறது. இளைஞன் விழுந்து தோள் நழுவினால், அது மறுபடியும் மறுபடியும் நழுவக்கூடும் என்பதே பெரிய கவலை. நாற்பதைத் தாண்டியவருக்குத் தோள் நழுவினால், கூடவே தசைநாண் கிழிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஏமாற்றும் நிம்மதி

கிழிந்த தசைநாணை அறுவை சிகிச்சை மூலம் எலும்போடு சேர்த்துத் தைத்தவருக்கு, பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் கை தூளியில் தொங்கும். அதன் பிறகே கையைத் தானாகத் தூக்கிப் பழகலாம். எடை தூக்கும் பயிற்சிகள் ஏறத்தாழ 3 மாதங்களுக்குப் பிறகு. முழு வேகத்தில் விளையாட்டுக்குத் திரும்ப 6 மாதமோ, அதற்கு மேலோ ஆகலாம்.

ஆனால் வலி அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை. வீக்கம் வடிந்ததும் பல வாரங்களுக்கு முன்பே அது குறைந்துவிடும். இங்கேதான் ஆபத்து! வலி நின்றது என்பதற்காகத் தசைநாண் ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம் இல்லை. உள்ளே வேலை இன்னும் நடந்துகொண்டே இருக்கிறது. "எனக்கு ஒன்றும் இல்லை" என்று குளத்தில் குதிப்பவர், தைத்த இடத்தை மறுபடியும் பிய்த்துக்கொள்ளலாம்.

இத்தனை வருடம் "வலியைப் பொறுத்துக்கொள்" என்று மனத்தைப் பழக்கியவர்கள் இவர்கள். 30-வது மைலில் கால் கெஞ்சினாலும் நிற்காதவர்கள். அந்தப் பிடிவாதமே இப்போது எதிரியாகிவிடுகிறது.

சும்மா இருப்பதும் தவறு

அப்படியானால் கையை அசைக்காமல் மாதக்கணக்கில் வைத்திருக்கலாமா? அதுவும் கூடாது. அசையாத தோள் இறுகிவிடும். 40 முதல் 60 வயதுக்காரர்களை, அதிலும் சர்க்கரை நோயாளிகளை, இந்தத் தோள் இறுக்கம் அதிகமாகப் பிடிக்கிறது. பிறகு சட்டை மாட்டுவதும் தலை வாருவதும்கூடப் பெரும்பாடு.

ஆகவே டாக்டர் அனுமதித்த நாளில் இருந்து, அனுமதித்த அளவில் அசைவு வேண்டும். குனிந்து நின்று, கையைக் கடிகாரப் பெண்டுலம் போலத் தொங்கவிட்டு ஆட்டுவது. சுவரில் விரல்களால் நண்டு போல் ஏறுவது. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, ரப்பர் பட்டையை வெளிப்புறமாக இழுப்பது. இவற்றில் எதை எப்போது செய்வது என்பதைப் பிசியோதெரபி நிபுணர் சொல்லுவார். பார்ப்பதற்குக் குழந்தை விளையாட்டு. ஆனால் காவல்கார தசைகளுக்கு இதுதான் சரியான உணவு.

கால்களும் இதயமும் சோம்பிக் கிடக்க வேண்டியதில்லை. டாக்டர் சம்மதித்தால் நடக்கலாம். நின்ற இடத்தில் ஓடும் சைக்கிளை மிதிக்கலாம். நீச்சல்காரர்கள் தண்ணீருக்குத் திரும்பியதும், முதலில் கால்களால் மட்டும் உதைத்துச் செல்லலாம். அப்போது மிதவைப் பலகையைக் கை நீட்டிப் பிடிக்கக்கூடாது. அது தோளை அழுத்தும். கைகள் பக்கவாட்டில் இருக்கட்டும்.

மறுநாள் காலை சொல்லும் பதில்

பயிற்சி அளவு சரிதானா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. பயிற்சியின்போது லேசாக வலித்து, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் அளவு சரி. மறுநாள் வலி கூடினாலோ, இரவில் தூக்கத்தைக் கெடுத்தாலோ, அளவைக் குறைக்க வேண்டும்.

நையாட் விஷயத்துக்கு வருவோம். 2011 செப்டம்பரிலும் 2012 ஆகஸ்டிலும் அவர் மீண்டும் கடலில் இறங்கினார். ஜெல்லி மீன்கள் கொட்டின; புயல் தடுத்தது. 2013 செப்டம்பர் 2-ந் தேதி, தமது 64-வது வயதில், சுமார் 53 மணி நேரம் நீந்தி கீ வெஸ்ட் கரையில் ஏறினார். சாட்சிக் குறிப்புகள் போதவில்லை என்று எழுந்த விவாதத்தால், அது அங்கீகாரம் பெற்ற சாதனை ஆகவில்லை. ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் வலித்த தோள்கள் அத்தனை நேரம் உழைத்தன. தனி ஆள் விளையாட்டாகத் தோன்றினாலும் இதற்கு ஒரு குழுவே வேண்டும் என்று கரையேறியதும் அவர் சொன்னார். தோளைத் தேற்றுவதற்கும் அது பொருந்தும். டாக்டரும் பிசியோதெரபி நிபுணரும், "இன்றைக்குப் போதும்" என்று தடுக்கிற வீட்டாரும் சேர்ந்ததே அந்தக் குழு.

உடனே கவனியுங்கள்

விழுந்த பிறகு கையைத் தூக்கவே முடியவில்லையா? தோளின் வடிவம் மாறியிருக்கிறதா? கை மரத்துப் போகிறதா? அன்றே டாக்டரிடம் செல்லுங்கள். இடது தோள் வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் மூச்சுத் திணறலும் வந்தால், அது தோள் சமாச்சாரம் அல்ல, மாரடைப்பாக இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மற்றவர்களுக்கு மருந்து பொறுமைதான். நூறு மைல் தூரத்தைச் சிறுகச் சிறுகக் கடக்கத் தெரிந்தவர்களுக்கு, ஆறு மாதத்தையும் அப்படியே கடக்க முடியாதா, என்ன?