திருவக்கரை கல்மரப் பூங்கா

திருவக்கரை தேசியக் கல்மரப் பூங்கா என்பது தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டத்திலுள்ள திருவக்கரை என்னும் சிற்றூரில் அமைந்துள்ள பூங்கா ஆகும். இது வளவனூருக்கு வடகிழக்கே உள்ளது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறை இதனைப் பராமரித்து வருகிறது. ஊரை ஒட்டிச் சங்கராபரணி ஆறு பாய்கிறது. இங்குள்ள சந்திரமௌலீசுவரர் கோயிலுக்கு வருவோர் பலர் பூங்காவையும் கண்டு செல்கின்றனர்.

உருவாதல்

மண்ணில் புதையும் மரம் பொதுவாக மட்கிவிடும். மணலும் களிமண்ணும் விரைவாக மூடிக்கொண்டால் காற்றுப் படாது, மட்குதல் தடைப்படும். அப்போது நிலத்தடி நீரில் கரைந்துள்ள சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளில் படிந்து, நாளடைவில் மரத்தைக் கல்லாக்குகிறது. மரத்தின் உள்ளமைப்பு மட்டும் மாறாது. அதனை நுண்நோக்கியில் ஆராய்ந்தே, ஆமணக்கு, மருதம் ஆகியவற்றின் குடும்பங்களைச் சேர்ந்த மரங்கள் இங்கு அடையாளம் காணப்பட்டுள்ளன.

இக்கல்மரங்கள் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் பழமையானவை. வேர், கிளை, பட்டை எதுவுமின்றி அடிமரங்கள் மட்டுமே கிடப்பதால், இவை இங்கு வளர்ந்தவை அல்ல, பெருவெள்ளத்தில் அடித்துவரப்பட்டவை எனக் கருதப்படுகிறது.

பாதுகாப்பு

பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொன்னரா 18 ஆம் நூற்றாண்டிலேயே இக்கல்மரங்களைப் பதிவு செய்தார். இவற்றின் துண்டுகளை நினைவுப்பொருளாக எடுத்துச் செல்லுதல் கூடாது. கல்மரம் மீண்டும் வளர்வதில்லை. மேலும், ஒரு துண்டு இடம் மாறினால், அது எந்த மண்ணடுக்கில், எத்திசை நோக்கிக் கிடந்தது என்னும் சான்று அழிந்துவிடும். பழைய வெள்ளத்தின் போக்கை அறிய அச்சான்றே உதவுகிறது.