நாய்க்கு வரும் வலிப்பு

முற்றத்திலே படுத்திருந்த நாய் திடீரென விறைத்துச் சரிந்து, கால்களை உதறி, வாயில் நுரை தள்ளக் கண்டால் நம்மவர் வாயினின்று முதலில் எழுவது ‘விசர்’ என்னும் சொல்லே. அடுத்து எழுவது கையில் அகப்பட்ட தடி. எம் அயல் வீட்டில் ஐந்தாண்டு வளர்ந்த நாயொன்று இவ்வாறே அடியுண்டு மாண்டது. அடித்தவர் நாடோறும் அதற்குச் சோறிட்டவர். அன்பில்லாதவர் அல்லர், அஞ்சியவர். அவ்வச்சம் வீணானதென்றும் கூறமுடியாது. விசர் நோயின் குறிகள் தோன்றியபின் மனிதரேயாயினும் நாயேயாயினும் பிழைத்தல் அரிதினும் அரிது. ஆயினும் அன்று அந்நாய்க்கு வந்தது விசரா, வெறும் வலிப்பா என்று அறியும்வரை எவரும் பொறுத்திலர்.

வலிப்பு என்பது மூளையின் நரம்புக் கலங்கள் பல, ஒழுங்கு கெட்டு ஒரேவேளையில் மின்கணத்தாக்கங்களை எழுப்புவதால் விளைவது. நாய்களுக்கு இது பெரும்பாலும் ஓய்ந்திருக்கும் வேளையிலோ துயிலும் வேளையிலோ வரும். வருமுன் சில நாய்கள் அமைதியிழந்து திரியும். சில உடையவரின் காலடியை விட்டு அகலா. பின்னர் நினைவிழந்து விழும், உடல் விறைக்கும், தாடை அடிக்கும், சிறுநீரும் மலமும் தம்மை அறியாமலே கழியும். பார்த்து நிற்போர்க்கு ஒரு யுகம்போல் தோன்றினும், பெரும்பாலும் இஃது இரண்டு நிமிடங்களுக்குள் அடங்கிவிடும். அடங்கியபின் வருவதே பலரை மயக்குவது. நாய் எழுந்து தள்ளாடும், சுவரில் மோதும், கண் தெரியாததுபோல் வட்டமிடும், சோறிட்ட கையையும் அறியாது உறுமும். இதனைக் கண்டே ‘விசர் முற்றிவிட்டது’ என்பர். உண்மையில் இது மூளை களைத்துத் தெளிகின்ற நிலையே. சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ, சிலவேளை ஒருநாள் கழிந்தோ, அது பழைய நாயாகிவிடும்.

வேறுபாடு இங்கேதான் உளது. வலிப்பு நாய் தெளியும். விசர் நாய் தெளியாது. விசர் கொண்ட நாயின் குணமும் குரலும் மாறும், தாடை தொங்கும், விழுங்க இயலாது எச்சில் வடியும், குறி தோன்றிய பத்து நாள்களுக்குள் பெரும்பாலும் இறந்துபடும். எனினும் விசரிலும் வலிப்பு வருவதுண்டாதலின், தடுப்பூசி இடப்படாத நாயையும் பிற நாயாற் கடியுண்ட நாயையும் தொடாது, படலையைச் சாத்தி, எட்ட நின்றே நோக்கல் வேண்டும். அதன் எச்சில் புண்ணிலோ கீறலிலோ பட்டுவிடின் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

தடுப்பூசி பெற்ற வீட்டுநாய்க்கு வலிப்பு வந்தால் யாது செய்வது? முதலிற் கடிகாரத்தைப் பார்க்க. கிணற்றுக் கட்டு, படிக்கட்டு, கூரிய பொருள் முதலியவற்றுக்கு அருகில் விழுந்திருப்பின் பின்புறமாகப் பற்றி மெல்ல இழுத்துவிடுக. வாயினுள் கையோ கரண்டியோ விடற்க. நாய் தன் நாவைத் தானே விழுங்குவதில்லை. மனிதர்க்கு வலிப்பு வருங்கால் கையில் இரும்பைத் திணிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதனால் அவர்க்கும் பயனில்லை, நாய்க்கும் பயனில்லை. தண்ணீர் பருக்குவதும் தீது. அது மூச்சுக்குழாயிற் புகும். பிள்ளைகளை விலக்கி, ஓசையையும் வெளிச்சத்தையும் குறைத்துவிட்டால் பெரும்பகுதி வேலை முடிந்தது. வலிப்பு ஐந்து நிமிடத்தைக் கடப்பினும், தெளியுமுன் மீண்டும் வரினும், ஒரே நாளில் இரண்டு மூன்று முறை வரினும் தாமதியாது மிருக வைத்தியரிடம் கொண்டு செல்க. நீண்ட வலிப்பு உடற்சூட்டை மிகுவித்து மூளையைக் கெடுக்கும்.

காரணங்கள் பல. குட்டிகளிற் பசியாலும் குடற்புழுவாலும் குருதியிற் சர்க்கரை குறைதல் ஒன்று. தோட்டத்திற்குத் தெளிக்கும் பூச்சிநாசினியை நக்குதல் மற்றொன்று. இது நம் ஊர்களில் நினைவிற்கொள்ளத் தக்கது. 1905 இல் கரே என்னும் பிரெஞ்சு அறிஞர் வைரசால் வருவதென்று காட்டிய ‘டிஸ்டெம்பர்’ நோயும் மூளையைத் தாக்கி வலிப்பைத் தரும். அதற்குத் தடுப்பூசி உண்டு. இவை எவையும் இன்றி, ஆறு மாதத்திற்கும் ஆறு வயதிற்கும் இடையில் வலிப்பு தொடங்கி, இடைநாள்களில் நாய் நலமாயிருப்பின், அது பெரும்பாலும் பரம்பரைவழி வந்த காக்கைவலிப்பாகும்.

இதற்கு மருந்துண்டு என்பதைப் பலர் அறியார். 1857 இல் இங்கிலாந்தின் லொக்கொக் மனிதரின் வலிப்புக்குப் பயன்படுமெனக் கூறிய புரோமைட்டும், 1912 இல் ஜெர்மனியின் ஹௌப்ட்மன் வலிப்புக்குப் பயன்படுத்திய பீனோபாபிற்றலும் இன்றும் நாய்களுக்குக் கொடுக்கப்படுகின்றன. இவை நோயை வேரறுப்பதில்லை, வலிப்புகளைக் குறைக்கும். பீனோபாபிற்றல் உண்ணும் நாய்க்குப் பசியும் தாகமும் உறக்கமும் மிகும். ஈரலையும் இடையிடையே சோதிப்பித்தல் வேண்டும். பல மாதம் வலிப்பு வராமை கண்டு, ‘சுகமாயிற்று’ என்று தாமாகவே மருந்தை நிறுத்துவோர் உளர். அவ்வாறு திடீரென நிறுத்திய சில நாள்களுள் முன்னையினும் கொடிய வலிப்பு வந்து நாயைக் கொன்றுவிடவுங் கூடும். ஆதலின் வலிப்பு வந்த நாளையும் நேரத்தையும் ஒரு கொப்பியிற் குறித்து வைத்து, அதனை வைத்தியரிடம் காட்டியபின்னரே மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும்.