உயிர் காக்கும் தொலைபேசி அழைப்பை எப்படி மதிப்பிடுவது?

சில வருடங்களுக்கு முன் ஒரு மழைக்கால இரவு. ஹந்தானையில் மாலையில் மழை பிடித்தால் மூடுபனி வீட்டு வாசல் வரை இறங்கிவிடும். மணி பதினொன்றைக் கடந்திருந்தது. என்னிடம் முன்பு படித்த ஒரு பிள்ளை அழைத்தாள். "டீச்சர், எனக்கு இனி ஏலாது. இருந்து என்ன செய்ய?" என்றாள்.

நான் பேசினேன். தொழுகையைப் பற்றிச் சொன்னேன், ஸப்ரைப் பற்றிச் சொன்னேன். உம்மாவும் வாப்பாவும் அவளைப் படிக்க வைக்கப் பட்ட கஷ்டத்தை நினைவுபடுத்தினேன். அவளைவிடத் துன்பப்படுகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக் காட்டினேன். இருபது நிமிடம் கழித்து "சரி டீச்சர்" என்று சொல்லி வைத்துவிட்டாள். நல்ல புத்தி சொன்னேன் என்ற திருப்தியோடு நான் உறங்கிப்போனேன்.

அல்ஹம்துலில்லாஹ், அவள் இன்று நலமாக இருக்கிறாள். அன்றிரவு அவளுடைய ராத்தா அறைக்குள் வந்து விடியும்வரை கூடவே இருந்து, காலையில் வைத்தியசாலைக்கு அழைத்துப் போயிருக்கிறார். பல மாதங்கள் கழித்து அவள் என்னிடம் சொன்னாள்: "நான் சாக நினைக்கிறேனா என்று நீங்க கேட்பீங்க என்று பார்த்துக்கொண்டே இருந்தேன் டீச்சர். நீங்க கேட்கவே இல்லை."

அவளுடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. இப்படியான அழைப்புகளுக்குப் பதில் சொல்வதையே பணியாகக் கொண்டவர்கள் என்ன செய்கிறார்கள்? அவர்கள் அதைச் சரியாகச் செய்கிறார்கள் என்று எப்படி அறிவது?

இந்தச் சேவை எங்கிருந்து வந்தது?

1953இல் லண்டனில் சாட் வராஹ் என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார் தற்கொலை எண்ணத்தோடு இருப்பவர்களுக்காக ஒரு தொலைபேசியைத் திறந்தார். அவரைச் சந்திக்க வந்து காத்திருந்தவர்களில் பலர், தேநீர் கொடுத்துப் பேச்சுக்கொடுத்த சாதாரணத் தொண்டர்களிடம் மனம் விட்டுப் பேசியே தேறிவிடுவதை அவர் கவனித்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் சமாரிட்டன்ஸ் அமைப்பு. ஒரு மதகுரு ஆரம்பித்த அமைப்பு அது. ஆனால் அதன் தொண்டர்கள் அழைப்பவரிடம் மதப் பிரசாரம் செய்வதில்லை.

அதே வழியில் இலங்கையில் 1974இல் சுமித்ரயோ தொடங்கியது. கண்டியிலும் அதற்குக் கிளை உண்டு. இன்று தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கமும், கட்டணமில்லாத 1333 இலக்கமும் உள்ளன.

இவற்றின் தேவையைப் புரிந்துகொள்ள நம் நாட்டின் வரலாறு போதும். 1995 அளவில் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்குச் சுமார் 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் அது ஒன்று. அடுத்த பத்து வருடங்களில் அது ஏறக்குறையப் பாதியாகியது. கடும் நச்சுத்தன்மையுள்ள விவசாய இரசாயனங்கள் தடை செய்யப்பட்டது அதற்கு முக்கிய காரணம் என்று ஆய்வாளர்கள் காட்டியுள்ளார்கள். சாக வேண்டும் என்ற வேகம் பெரும்பாலும் ஒரு அலை போன்றது. அந்த நேரத்தில் ஆபத்து கைக்கெட்டாமல் இருந்தால் பலர் தப்பி வாழ்கிறார்கள். தொலைபேசியில் இருப்பவர் செய்யும் வேலையும் இதுதான். அலை இறங்கும்வரை ஒருவரைப் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும்.

எதை வைத்துப் புள்ளி போடுவது?

ஆசிரியர் கலாசாலையில் நான் பயிற்சி பெற்றபோது, விரிவுரையாளர் வகுப்பின் பின்வரிசையில் ஒரு படிவத்தோடு அமர்ந்திருப்பார். குரல், கரும்பலகை எழுத்து, பாடத்திட்டம், நேரம் என எல்லாவற்றுக்கும் புள்ளி இருக்கும். பிள்ளை என்ன கற்றது என்பது அந்தப் படிவத்தில் ஒரு மூலையில்தான் இருக்கும். அன்றிரவு நானே எனக்குப் போட்ட புள்ளியும் அப்படியானதுதான். என் பேச்சுக்குப் புள்ளி போட்டேன். கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்கு என்ன நடந்தது என்று பார்க்கவில்லை.

தொலைபேசி உளவளத்துணையை மதிப்பிடுவது இன்னும் கடினம். அழைப்பவர் பெயர் சொல்லமாட்டார். வைத்த பிறகு அவருக்கு என்ன ஆனது என்று பெரும்பாலும் தெரியாது. ஆனாலும் வழிகள் உண்டு.

கனடாவைச் சேர்ந்த பிரையன் மிஷாராவும் அவரது குழுவினரும் அமெரிக்காவில் 14 நிலையங்களுக்கு வந்த 2,611 அழைப்புகளைக் குறுக்கிடாமல் கேட்டுப் பதிவுசெய்தார்கள். 2007இல் வெளியான முடிவுகள் சங்கடமானவை. ஏறக்குறையப் பாதி நெருக்கடி அழைப்புகளில், "சாக நினைக்கிறீர்களா?" என்ற கேள்வியே கேட்கப்படவில்லை. பயிற்சி பெற்றவர்களே இப்படி என்றால் என் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. பலன் தந்தது எது என்றும் அவர்கள் பார்த்தார்கள். அழைத்தவர் சொன்னதையே திரும்பச் சொல்லும் செவிமடுப்பு உத்திக்கும் நல்ல பலனுக்கும் தொடர்பு காணப்படவில்லை. பரிவு, மரியாதை, சேர்ந்திருந்து அடுத்த படியை யோசிப்பது ஆகியவற்றுக்குத் தொடர்பு இருந்தது.

அதே வருடம் மெடலின் கூல்ட் குழுவினர், தற்கொலை எண்ணத்தோடு அழைத்த 1,085 பேரைப் பார்த்தார்கள். அழைப்பின் தொடக்கத்தில் இருந்ததைவிட முடிவில் சாகும் எண்ணம் குறைந்திருந்தது. அவர்களில் 380 பேரைச் சில நாட்கள் அல்லது வாரங்கள் கழித்து மீண்டும் தொடர்பு கொண்டபோது, 11.6 வீதமானோர் அந்த அழைப்பே தம்மைத் தீங்கிலிருந்து தடுத்தது என்றார்கள். மீண்டும் பேசச் சம்மதித்தவர்களின் பதில் மட்டுமே இது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இன்னும் முக்கியமான ஒன்றும் தெரிந்தது. அழைப்பு முடியும்போதும் சாகும் உறுதி எஞ்சியிருந்தவர்களே பின்னரும் அதிக ஆபத்தில் இருந்தார்கள். ஆகவே "சரி" என்று சொல்லி வைத்துவிட்டார் என்பது வெற்றியின் அடையாளம் அல்ல.

இவற்றையெல்லாம் படித்தபின், நல்ல உளவளத்துணையாளரை மதிப்பிட நான்கு கேள்விகள் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலாவது, நேரடியாகக் கேட்டாரா? கேட்டால் எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்று நாம் அஞ்சுகிறோம். அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்றே உலக சுகாதார நிறுவனமும் கூறுகிறது. கேட்பது பலருக்குப் பெரும் ஆறுதல்.

இரண்டாவது, தீர்ப்புச் சொல்லாமல் கேட்டாரா? வெட்கப்படுத்தினால் அழைத்தவர் வாயை மூடிக்கொள்வார். ஆபத்து அப்படியே இருக்கும்.

மூன்றாவது, இன்றிரவு பற்றிப் பேசினாரா? யார் கூட இருப்பார்கள், ஆபத்தான பொருட்களை யார் அப்புறப்படுத்துவார்கள், காலையில் எங்கே போவது என்று அழைத்தவரோடு சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும். என் மாணவிக்கு இதைச் செய்தவர் அவளுடைய ராத்தா.

நான்காவது, தொடர்பு தொடர்ந்ததா? தற்கொலைக்கு முயன்று உயிர் தப்பிய 1,867 பேரை வைத்து உலக சுகாதார நிறுவனம் ஐந்து இடங்களில் ஓர் ஆய்வு நடத்தியது. கொழும்பும் சென்னையும் அவற்றில் அடங்கும். சிறு ஆலோசனையோடு 18 மாதங்கள் வரை தொலைபேசியிலோ நேரிலோ விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 வீதமானோரும், வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 வீதமானோரும் தற்கொலையால் இறந்ததாக 2008இல் வெளியான முடிவுகள் கூறின. "எப்படி இருக்கிறீர்கள்?" என்று மீண்டும் கேட்பதற்கு அவ்வளவு பெறுமதி உண்டு.

நம் சமூகத்தில்

தற்கொலை ஹராம் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த எண்ணம் வருகிறது என்பதே அவர்களை இன்னும் வதைக்கிறது. அந்த நேரத்தில் நரகத்தைச் சொல்லி மிரட்டினால் வெளியில் சொல்லும் வழியும் அடைபட்டுவிடும். ஸூரா மர்யமைப் பாருங்கள். பிரசவ வேதனையிலும் தனிமையிலும் மர்யம் (அலை) அவர்கள், இதற்கு முன்னரே தாம் இறந்திருக்கக் கூடாதா என்று கூறுகிறார்கள். அவர்களுக்கு வந்த பதிலில் கண்டிப்பு இல்லை. கவலைப்பட வேண்டாம் என்ற ஆறுதலும், காலடியில் நீரும், உண்ணப் பேரீச்சம்பழமும் வந்தன. முதலில் ஆறுதல், பிறகு அந்த நேரத் தேவை. இதைவிடச் சிறந்த பயிற்சிப் பாடம் என்ன இருக்கிறது?

இன்னொரு பயமும் உண்டு, பொலிஸ் வழக்கு வரும் என்று. தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 முதல் குற்றம் அல்ல. உதவி கேட்பதற்கு யாரும் தயங்கத் தேவையில்லை.

பள்ளிவாசல்களும் சங்கங்களும் வட்ஸ்அப் குழுக்களும் நல்ல எண்ணத்தோடு ஆலோசனை இலக்கங்களை ஆரம்பிக்கின்றன. ஆரம்பிக்கும் முன் கேளுங்கள்: பதில் சொல்பவர்களுக்கு என்ன பயிற்சி? அவர்களின் வேலையை மேற்பார்வை செய்பவர் யார்? இரகசியம் காக்கப்படுமா? நள்ளிரவில் தமிழில் பேச ஆள் இருப்பாரா? இதே கேள்விகளை அரச சேவைகளிடமும் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. பாடசாலை அறிவித்தல் பலகையில் 1926, 1333 ஆகிய இலக்கங்களை ஒட்டுவதற்கு யாருடைய அனுமதிக்கும் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. உயிராபத்து என்றால் 1990 அம்பியூலன்ஸை அழையுங்கள், அல்லது அருகிலுள்ள வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

அந்தப் பிள்ளை சொன்னதற்குப் பிறகும் இரவில் எனக்கு அழைப்புகள் வந்திருக்கின்றன. இப்போது நான் குறைவாகப் பேசுகிறேன். கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். கூட யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்கிறேன். மறுநாள் காலையில் நானே அழைக்கிறேன்.

இதை வாசிக்கும் உங்களில் யாருக்காவது இன்று அந்த எண்ணம் இருந்தால், தயவுசெய்து ஒருவரிடம் சொல்லுங்கள். உங்களுக்கு ஈமான் இல்லை என்று அதற்கு அர்த்தம் அல்ல. உங்களுக்கு வலிக்கிறது என்று அர்த்தம்.