ராகத்தோடு ஒரு தண்ணி!

என் பெரிய மாமா ஹெல்மெட்டை வண்டியில்தான் மாட்டியிருந்தார், தலையில் இல்லை. விபத்தில் மூளையின் இடது பக்கம் அடி. உயிர் தப்பியது, பேச்சு போச்சு! தண்ணிக்கே ஜாடை காட்டியவர், ரேடியோ பாடினால் மட்டும் வார்த்தை பிசகாமல் கூடவே பாடினார். 'நடிக்கிறாரோ?' என்று மாமிக்கே சந்தேகம்.

பேச்சுப் பயிற்சி தரும் பெண்மணி சிரித்தார். ''பேச்சுக்கு முக்கியமா இடது மூளை. பாட்டுக்கு வலதும் கை கொடுக்கும். 1973-லயே பாஸ்டன்ல இதை சிகிச்சையாக்கிட்டாங்க. 2011-ல தலையில குண்டடி பட்ட அமெரிக்க எம்.பி. கேப்ரியல் கிஃபர்ட்ஸுக்கும் பாட்டுப் பயிற்சி கொடுத்தாங்களே!''

மாமாவின் இடது கையைப் பிடித்து மேஜையில் தாளம் தட்டியபடியே, 'தண்ணீ... வேணும்...' என்று இழுத்துப் பாட வைத்தார். தினமும், நாலு மாசம்.

கல்யாணமான நாளாக 'ஏய்' என்றே கூப்பிட்டவர், போன வாரம் மாமியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், ராகத்தோடு! அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. யாரும் எழுந்து போகவில்லை.