விரும்பிய நேரத்தில் வேலை: செயலித் தொழிலும் சாதியும் சட்டமும்

கைப்பேசி, இருசக்கர வாகனம், ஓட்டுநர் உரிமம் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். விரும்பிய நேரத்தில் வேலை செய்யலாம், மேலதிகாரி இல்லை, நேர்காணல் இல்லை. உணவு விநியோகச் செயலிகளும் வாடகை வாகனச் செயலிகளும் நம் இளைஞர்களுக்கு அளிக்கும் வாக்குறுதி இது. நிதி ஆயோக் 2022 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, 2020-21இல் இந்தியாவில் இத்தகைய தொழிலாளர்கள் 77 இலட்சம் பேர் என்றும், 2029-30இல் இவர்களின் எண்ணிக்கை 2.35 கோடியை எட்டும் என்றும் மதிப்பிட்டது.

இந்த வாக்குறுதியில் உண்மையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஊரில் யார் வீட்டு வயலில் வேலை, யார் முன் துண்டை இடுப்பில் கட்ட வேண்டும் என்பதையெல்லாம் சாதியே தீர்மானித்தது. செயலியோ பதிவின்போது சாதியைக் கேட்பதில்லை. பரிந்துரைக் கடிதமும் கேட்பதில்லை. சேரியிலிருந்து நகரத்துக்கு வந்த ஓர் இளைஞருக்கு இது சிறிய விடுதலையன்று. ஆனால் பதிவுப் படிவத்தில் இல்லாத சாதி, வாடிக்கையாளரின் வாசலில் காத்திருக்கிறது. அந்த வாசலில் சட்டம் நமக்கு என்ன தருகிறது, எதைத் தர மறுக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெகிழ்வு யாருக்கு?

வேலை நேரத்தைத் தொழிலாளரே தேர்ந்தெடுக்கிறார் என்பது ஏட்டளவில் சரி. நடைமுறையில் ஊக்கத்தொகையே அந்த நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறது. மதிய உணவு நேரத்திலும் இரவு உணவு நேரத்திலும் இணைப்பில் இருந்து, குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆர்டர்களை முடித்தால்தான் பெட்ரோல் செலவு போகக் கையில் ஏதேனும் மிஞ்சும். ஆர்டரை மறுத்தால் அடுத்த ஆர்டர் தாமதமாகும். மதிப்பெண் குறைந்தால் நல்ல நேர ஒதுக்கீடு கிடைக்காது. வாடிக்கையாளர் புகார் அளித்தால் ஐடி முடக்கப்படும். விளக்கம் கேட்கப் பேசுவதற்கு ஒரு மனிதர்கூட மறுமுனையில் இருப்பதில்லை.

ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் முழுவதையும் வைத்திருக்கும் நிறுவனம், தன்னை முதலாளி என்று ஒப்புக்கொள்வதில்லை. தொழிலாளரை அது ‘பங்குதாரர்’ என்று அழைக்கிறது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும், மரபான முதலாளி - தொழிலாளி உறவுக்கு வெளியே பணிபுரிபவர் என்றே இவர்களை வரையறுக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள அத்தொகுப்பின்படி, நிறுவனங்கள் தம் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 விழுக்காடு வரை சமூகப் பாதுகாப்பு நிதிக்கு அளிக்க வேண்டும். அத்தொகை தொழிலாளர்களுக்கு வழங்கப்படும் தொகையில் 5 விழுக்காட்டைத் தாண்டாது. இது நலத்திட்டத்துக்கான வழி. குறைந்தபட்ச ஊதியத்துக்கோ, காரணமின்றி நீக்கப்படாமல் இருப்பதற்கோ உரிய உரிமை இதில் இல்லை. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் ஊபர் வழக்கில் ஒப்பந்தத்தின் சொற்களைக் கடந்து, கட்டுப்பாடு யாரிடம் இருக்கிறது என்று பார்த்தது; ஓட்டுநர்கள் தொழிலாளர்களே என்று தீர்ப்பளித்தது. அதே கேள்வியை நம் நீதிமன்றங்களும் எதிர்கொண்டாக வேண்டும்.

சாதி நுழையும் வழிகள்

முதல் வழி, பெயர். ஆர்டர் உறுதியானதும் விநியோகிப்பவரின் பெயர் வாடிக்கையாளரின் திரையில் தெரிகிறது. குடும்பப் பெயர் சாதியைக் காட்டிக்கொடுக்கும் மாநிலங்களில் இது சிறிய செய்தியன்று. 2022 ஜூனில் லக்னோவில், தன் சாதியை அறிந்ததும் உணவை வாங்க மறுத்து, முகத்தில் உமிழ்ந்து தாக்கினார்கள் என்று ஓர் உணவு விநியோகத் தொழிலாளர் புகார் அளித்தார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானது.

இரண்டாம் வழி, தூய்மை என்னும் சொல். 2024 மார்ச்சில் சொமாட்டோ நிறுவனம் ‘தூய சைவ’ உணவுக்கெனத் தனி விநியோகப் படையை அறிவித்தது. அவர்களுக்குப் பச்சைச் சீருடை என்றது. கடும் எதிர்ப்பு எழுந்தபின் மறுநாளே தனிச் சீருடையைக் கைவிட்டது. சிவப்புச் சட்டை அணிந்தவர் அசைவம் சுமப்பவர் என்று குடியிருப்புகள் தடுத்து நிறுத்தும் அபாயத்தைத் தொழிலாளர்கள்தாம் முதலில் உணர்ந்திருப்பார்கள். உணவைப் பிரித்தால் அதைச் சுமக்கும் உடலையும் பிரித்ததாகும் என்பதைத் தீண்டாமையின் வரலாறு அறிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

மூன்றாம் வழி, மதிப்பெண். ஒரு வாடிக்கையாளர் ஏன் ஒற்றை நட்சத்திரம் கொடுத்தார் என்று செயலி கேட்பதில்லை. தாமதமும் வெறுப்பும் ஒரே எண்ணாகப் பதிவாகின்றன. பாகுபாட்டுக்குச் சாட்சியும் இல்லை, தடயமும் இல்லை. வருமானம் மட்டும் குறைகிறது.

வாசலில் நிற்கும் சட்டம்

அரசமைப்பின் 17ஆம் கூறு அரசுக்கு எதிராக மட்டுமன்றித் தனியாருக்கு எதிராகவும் செல்லும். இதை 1982இல் ஆசிய விளையாட்டுத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, தீண்டாமையின் அடிப்படையில் ஒருவர் தொழில் செய்வதைத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராயின், அச்செயல் தீண்டாமையின் அடிப்படையிலேயே நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. அதை மறுத்து நிறுவும் சுமை எதிரியைச் சேரும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) ஆகிய உட்பிரிவுகளுக்கு, இழிவுபடுத்தல் ‘பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில்’ நடந்திருக்க வேண்டும். விநியோகத் தொழிலாளரின் வழக்கு பெரும்பாலும் இந்தச் சொற்றொடரில்தான் நிற்கும் அல்லது விழும். 2008இல் சுவரண் சிங் வழக்கில், வீட்டு வாயிற்கதவருகே நின்ற ஓட்டுநர் இழிவுபடுத்தப்பட்டதை உச்ச நீதிமன்றம் பொதுப் பார்வைக்கு உட்பட்டதாக ஏற்றது. 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில், வெளியார் எவரும் இல்லாத நான்கு சுவர்களுக்குள் நடந்ததை ஏற்கவில்லை. ஆகவே வாயிலா, மாடிப்படியா, வீட்டுக்குள்ளா, அருகில் யார் இருந்தார்கள் என்னும் விவரங்கள் புகாரிலேயே இடம்பெற வேண்டும்.

கைப்பேசியே சாட்சி

நம்மைக் கண்காணிக்கும் அதே கருவி நமக்குச் சாட்சியாகவும் மாறக்கூடும். அதற்குச் சில நடைமுறைகள் தேவை.

- ஒலிப்பதிவையோ காணொளியையோ வெட்டவோ திருத்தவோ கூடாது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகல் போதாது. மூலக் கோப்பு பதிவான கைப்பேசியிலேயே இருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுச் சான்றுடன் அதன் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிடும் சான்றிதழையும் கேட்கிறது.
- ஆர்டர் எண், நேரம், முகவரி, உரையாடல் ஆகியவற்றை உடனே திரைப்பிடிப்பு எடுக்க வேண்டும். ஐடி முடக்கப்பட்டால் செயலிக்குள் மீண்டும் நுழைய முடியாது.
- நிறுவனத்திடம் உள்ள அழைப்பு விவரங்களையும் இருப்பிடத் தரவையும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவின் கீழ் பெறுமாறு காவல்துறையிடம் எழுத்தில் கோர வேண்டும்.
- எல்லையைக் காரணம் காட்டிக் காவல் நிலையம் புகாரைத் திருப்பி அனுப்ப முடியாது. 173ஆம் பிரிவின்படி எந்த நிலையத்திலும் அளிக்கலாம். மின்னணு வழியிலும் அனுப்பலாம். மூன்று நாள்களுக்குள் கையொப்பமிட வேண்டும்.
- முதற்கட்ட விசாரணை முடிந்த பிறகே வழக்குப் பதிவோம் என்று சொன்னால், அது தேவையில்லை என்னும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவைச் சுட்டிக்காட்ட வேண்டும்.

நாம் கோர வேண்டியவை

இராஜஸ்தான் 2023இல் செயலித் தொழிலாளர்களுக்கென முதல் தனிச் சட்டத்தை இயற்றியது. கர்நாடகத்தின் 2025ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு படி மேலே சென்று, எழுத்துவடிவிலான காரணமும் 14 நாள் முன்னறிவிப்பும் இன்றித் தொழிலாளரை நீக்கக் கூடாது என்கிறது; தானியங்கி முறைகள் வேலையை எவ்வாறு தீர்மானிக்கின்றன என்பதைத் தெரிவிக்கவும் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் நல வாரியம் அமைந்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் 2,000 பேருக்கு மின்வாகனம் வாங்க 20,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவை. எனினும் வாரியம் நலத்தைத் தருமே தவிர, முடக்கப்பட்ட ஐடியைத் திறக்காது.

ஆகவே தமிழ்நாட்டுக்கும் தனிச் சட்டம் வேண்டும். அதில் சாதிப் பாகுபாடு வெளிப்படையாகத் தடை செய்யப்பட வேண்டும். பாகுபாட்டுப் புகார் நிலுவையில் உள்ளவரை, அந்த வாடிக்கையாளர் அளித்த மதிப்பெண் கணக்கில் சேரக் கூடாது. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தும் வாடிக்கையாளரின் கணக்கை முடக்குவது நிறுவனத்தின் கடமையாக வேண்டும். வாரியத்தில் பதிவு செய்தோரின் சாதிவாரி எண்ணிக்கை வெளியிடப்பட வேண்டும். எண்ணப்படாத இழிவுக்கு எந்த அரசும் விடை சொல்வதில்லை.

ஆர்டரை மறுக்கும் உரிமை தொழிலாளருக்கு உண்டு என்கிறது ஒப்பந்தம். இழிவை மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு என்கிறது அரசமைப்பு. இரண்டாவது உரிமையைப் பயன்படுத்தியவர் மறுநாள் காலையிலும் செயலிக்குள் நுழைய முடிகிறதா என்பதைக் கொண்டே எந்தச் சட்டத்தையும் நாம் மதிப்பிட வேண்டும்.